கமிட்டி லைன்

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது எனக்காகப் பரிந்துகொண்டு வந்தால் எனக்கு அதுவும் பிடிக்காது. தெரிந்துதான் செய்தேன்.

கள்ளிக்குப்பத்தில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. நான் மூன்றாவது மாடியில், மேற்குப் பார்த்த வீட்டில் இருக்கிறேன். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். யார் வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்பதையெல்லாம் தீர்த்துவைக்கிற வேலை. இது போதாதென்று இணைய நடுநிலைக்காகப் போராடுகிறவள் என்று ஒரு பெயரும் எனக்கு உண்டு.

நெட் நியூட்ராலிட்டி என்று ஊரெல்லாம் பேசினார்களே, அதுதான். கம்பியில் போகிற எல்லாத் தகவலும் சமம். சினிமாவோ, பரீட்சை முடிவோ, கல்யாணப் போட்டோவோ, கம்பியைக் கையில் வைத்திருப்பவர் இதை வேகமாக விடுவேன், அதை அமுக்கிவைப்பேன் என்று சொல்லக் கூடாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரிய நிறுவனம், ஏழைகளுக்கு இலவச இணையம் என்று சொல்லிக்கொண்டு, தான் பொறுக்கியெடுத்த தளங்களை மட்டும் கொடுக்கப் பார்த்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டது. நான் வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லாருடைய போனையும் வாங்கி, ஆணையத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வைத்தேன். இரண்டாவது மாடி மாமா, "இதனால தண்ணி லாரி ஒழுங்கா வருமா?" என்று கேட்டார். "லாரிக்காரன் உங்க தெருவுக்கு மட்டும் வரமாட்டேன்னா சும்மா இருப்பீங்களா?" என்றேன். உடனே அனுப்பினார். கடைசியில் எங்கள் பக்கம்தான் ஜெயித்தது. அந்த வெற்றியைச் சொல்லிச் சொல்லியே நான் பல கூட்டங்களில் மேடை ஏறியிருக்கிறேன்.

இனி எங்கள் அடுக்ககத்தின் கம்பிக்கு வருகிறேன். எங்களுக்கு இணையம் கொடுப்பவர் உள்ளூர் கேபிள்காரர். அடுக்ககம் நிற்கிற நிலமே ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையது என்பதால் எங்களிடம் கொஞ்சம் உரிமையோடுதான் பேசுவார். "நாங்க நெல்லு போட்ட எடத்துல நீங்கோ நெட்டு பாத்துகினு கீறீங்கோ" என்று சிரிப்பார். மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில் அவருடைய பெட்டி பூட்டோடு தொங்கும். வெளியிலிருந்து ஒரே ஒரு லைன் அதற்குள் வரும். அங்கிருந்து இருபத்துநான்கு வீட்டுக்கும் பிரியும்.

சமமாகப் பிரியாது. என்னையும் சேர்த்துச் சங்கக் கமிட்டி உறுப்பினர்கள் ஐந்து பேர் வீட்டுக்கும் தனி வழி. அதற்குக் கமிட்டி லைன் என்று பெயர். வேறு எந்த நிறுவனமும் எங்கள் சுவரில் துளை போட்டுக் கம்பி இழுக்கக் கூடாது என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம். அவர் எங்கள் ஐந்து வீட்டையும் பார்த்துக்கொள்வார். எழுத்தில் எதுவும் இல்லை. அநேகமாக எல்லா அடுக்ககங்களிலும் இப்படித்தான். மேடையில் நான் திட்டித் தீர்க்கிற அதே வேக வழி என் வீட்டுக் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அதை நான் யோசித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன். இது ரொம்பச் சின்ன விஷயம் என்று முடிவு செய்தேன்.

மற்றவர்களுக்குச் சாயங்காலம் ஆனால் லைன் இழுக்கும். தரைத்தளத்து வீடுகளுக்கு இன்னும் மோசம். அங்கே போன் சிக்னலும் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. அப்படியொரு வீட்டில்தான் அந்தப் பெண் வாடகைக்கு இருந்தாள். அவளுக்கும் அவள் கணவனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. அவன் அண்ணனூரில் ஒரு பட்டறையில் வேலை செய்தான். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள். எனக்கும் தைத்திருக்கிறாள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் போனில் தட்டித் தட்டிக் கேட்பாள். நான் எழுதிக் காட்டுவேன். அப்போது அவளுக்கு எட்டாவது மாதம். ரத்தக்கொதிப்பு ஏறியிருந்ததால் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போன வருஷம் இணைய நடுநிலை பற்றிய சண்டை மறுபடி கிளம்பியது. வீடியோ அனுப்புகிற பெரிய நிறுவனங்கள் கம்பியை அடைத்துக்கொள்கின்றன, அவர்கள் எங்களுக்குப் பங்கு தரவேண்டும் என்று தொலைபேசி நிறுவனங்கள் கேட்டன. அப்படி ஒரு கதவு திறந்தால் நாளைக்குக் காசு கொடுப்பவன் முன்னால் போவான், சின்னவன் பின்னால் நிற்பான், அதனால் நடுநிலையைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள் என்று நாங்கள் கேட்டோம். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி இதை வைத்து விவாதம் நடத்தியது. மாணவர்கள் அரங்கத்தில் உட்கார்ந்து திரையில் பார்ப்பார்கள். பேசுகிறவர்கள் அவரவர் வீட்டிலிருந்து பேசலாம். எனக்கு எதிராகப் பேசியவர் டெல்லியில் தொலைபேசி நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருக்கிற ஒரு தமிழர்.

முதல் நாள் விவாதத்தில் என் மானம் போயிற்று. அன்றைக்குக் கிரிக்கெட் ஆட்டம். அடுக்ககமே வீடியோ பார்த்துக்கொண்டிருந்ததில் கமிட்டி லைனும் படுத்துவிட்டது. நான் வாயைப் பாதி திறந்தபடி திரையில் உறைந்து நின்றேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா, மேடத்தோட இன்டர்நெட்டே என் கட்சிக்கு ஓட்டுப் போட்டுருச்சு" என்றார். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குத் தடங்கல் இல்லாமல் வந்து சேர்ந்தது. நான் அன்று இரவு சாப்பிடவில்லை. விவாதம் பாதியில் நின்றுவிட்டதால் அடுத்த வாரம் அதேபோல் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடரலாம் என்றார்கள். கல்லூரிக்கே வந்து பேசுங்களேன், கார் அனுப்புகிறோம் என்றும் சொன்னார்கள். அயப்பாக்கம் ரோட்டு நெரிசலில் மேக்கப் கலைந்து போய் நிற்க எனக்கு இஷ்டமில்லை. வீட்டிலிருந்தே பேசி அவரை ஒரு கை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டிய சத்தம் கேட்டது. அந்தப் பெண் மூன்று மாடி ஏறி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். போனை நீட்டினாள். "அப்பா ஆஸ்பத்திரி. திருவண்ணாமலை. இன்னைக்கு ஆபரேஷன். 6 மணிக்கு எங்க அக்கா அங்கேருந்து வீடியோ போடும். 6.30 உள்ள கொண்டு போவாங்க. சாயங்காலம் நெட் நிக்காம பாத்துக்குங்க அக்கா." நான் படித்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் வயிற்றைத் தொட்டு, உட்கார்ந்துவிட்டுப் போ என்று சைகை செய்தேன். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

ஐந்தரை மணிக்குக் கேபிள்காரரைக் கூப்பிட்டேன்.

"இன்னா மேடம், இன்னிக்கும் மேட்ச் கீது. அல்லாரும் வீடியோவத்தான் தொறந்து வெச்சினுகீறாங்கோ" என்றார்.

"போன வாரம் மாதிரி ஆச்சுன்னா நான் உங்களைச் சும்மா விட மாட்டேன்."

"ஒண்ணு பண்லாம். கமிட்டி ஊடு அஞ்ச உட்டுட்டு, மத்த ஊடுங்கள்ல வீடியோவ மட்டும் அமுக்கிடறேன். மெசேஜு, பேச்சு அல்லாம் போவும். படம் மட்டும் நவுராது. ஆறுலருந்து எட்டு வரைக்கும். இன்னா சொல்றீங்கோ?"

இந்த இடத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். மறக்கவில்லை. அவள் போன் திரையிலிருந்த எழுத்து அப்படியே என் கண்முன் இருந்தது. "ஒரு வீட்டை மட்டும் விட முடியுமா?" என்றுகூடக் கேட்டேன்.

"ஒரு ஊட்டுக்குத் தொறந்தா பக்கத்து ஊட்டுக்காரன் வந்து சண்டைக்கு நிப்பான் மேடம். எந்த ஊடு?"

நான் ஒரு நொடி யோசித்தேன். மெசேஜ் போகும் என்கிறாரே, எழுதிக்கொள்ளட்டும், என்னிடம் எழுதித்தானே பேசுகிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் தகவல் போக்குவரத்தைப் பற்றியே பேசிப் பிழைத்தவள் நான். எழுத்துக்குக் கொஞ்சம் இடம் போதும், படத்துக்குத்தான் நிறைய வேண்டும், அவசரத்துக்கு எழுத்து போதும் என்று தரம் பிரித்துவிட்டேன். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க நான் தயாராக இல்லை.

"ஒண்ணும் இல்ல. அமுக்கிடுங்க" என்றேன்.

அன்று நான் பேசியது மாதிரி என் வாழ்நாளில் பேசியதில்லை. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. எதிராளி ஆம்புலன்ஸை உதாரணத்துக்கு எடுத்தார். "எல்லா வண்டியும் சமம்னு சொல்லிக்கிட்டு ஆம்புலன்ஸுக்கு வழி விடாம நிப்பீங்களா? ஒருத்தர் உயிருக்குப் போராடுறாரு, இன்னொருத்தர் சினிமா பாக்கறாரு. ரெண்டும் ஒண்ணா?" நல்ல கேள்வி. எனக்கும் பதில் தயாராக இருந்தது. "எது ஆம்புலன்ஸ்னு யார் முடிவு பண்றது? கம்பி யார் கையில இருக்கோ அவர்தானே? அவரு தன் மாமியார் ஜவுளிக்கடைக்குப் போற காரையும் ஆம்புலன்ஸ்னுதான் சொல்வாரு." மாணவர்கள் மேஜையைத் தட்டினார்கள். விசில் அடித்தார்கள்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே நான் ஜன்னலைப் பார்த்தேன். கீழே தெருவில் அந்தப் பெண் நின்றாள். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, டிரான்ஸ்பார்மர் பக்கம் நடந்தாள், திரும்பினாள், எதிர் வீட்டு வாசலில் ஏறி நின்றாள். இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த பைக் ஹாரன் அடித்தது. அவளுக்குக் கேட்காதே. அவன் வளைத்து ஓட்டிக்கொண்டு அவளைத் திட்டிவிட்டுப் போனான். மணி ஆறு இருபது. போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேபிள்காரர் உடனே திறந்துவிட்டிருப்பார். நான் எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டேன். மேற்கு வெயில் முகத்தில் அடிக்கிறது என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து மேலே பேசினேன்.

விவாதத்தில் ஜெயித்தேன். வாக்கெடுப்பு நடத்தி அறிவித்தார்கள்.

அவளுடைய அப்பா ஆபரேஷன் முடிந்து கண் திறக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் போய்விட்டார். சாவுக்கும் அவளால் போக முடியவில்லை. அவள் கணவன் மட்டும் போய் வந்தான். நான் கீழே போய்த் துக்கம் விசாரித்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழக்கூட அழுதேன். பொய்யழுகை இல்லை அது. ஆனால் எதற்கு அழுதேன் என்று மட்டும் சொல்லவில்லை.

நாலாவது நாள் அவளே மேலே வந்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வீடியோ நின்றுபோன இடத்தில் திரையை அப்படியே படமாக எடுத்துவைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில், நரைத்த தாடி, பாதி தூக்கிய வலது கை. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது. அவள் தட்டினாள். "அப்பா படிக்கலை. எழுதத் தெரியாது. எங்க கை பாஷை ஸ்கூல் பாஷை இல்லை. சின்ன வயசுல நானும் அப்பாவும் செஞ்சது. அக்காவுக்குக்கூடத் தெரியாது." என்னால் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் போனை வாங்கி மறுபடி தட்டினாள். "கை இதுக்கு அப்புறம் எங்க போச்சு? மீதி எங்க இருக்கும்? கம்பெனில இருக்குமா? உங்களுக்கு நெட் எல்லாம் தெரியும். எடுத்துத் தர முடியுமா அக்கா?"

வந்து சேராதது எங்கேயும் இருக்காது. பெட்டி அதைத் தூக்கிப் போட்டுவிடும். சேமித்துவைக்க அதற்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. இதை நான் மேடையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். "எங்கேயும் இருக்காதும்மா. அழிஞ்சிருக்கும்" என்று எழுதினேன். அவள் அதை ரொம்ப நேரம் படித்தாள். பிறகு, "ஏன் நின்னுச்சு?" என்று கேட்டாள். "எங்கேயோ கேபிள் அறுந்திருச்சாம்" என்று எழுதினேன். எழுத்துப் பிழை பார்த்துத் திருத்திவிட்டுத்தான் நீட்டினேன்.

அதோடு போயிருக்கலாம். அவள் விடவில்லை. அன்று மெசேஜ் மட்டும் போயிருக்கிறதே, பக்கத்து வீட்டிலும் வீடியோ மட்டும்தானே நின்றிருக்கிறது, அப்படியென்றால் கேபிள் அறுந்திருக்காதே என்று எழுதிக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேபிள்காரர்தான் ஏதோ செய்திருக்கிறார், சங்கத்தின் பேரில் அவருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதித் தாருங்கள், உங்களுக்குத்தான் அப்படியெல்லாம் எழுத வரும் என்றாள்.

எழுதினேன். எப்படி மறுப்பது? மறுத்தால் சந்தேகம் வரும். அதைவிட வெட்கக்கேடு, எழுத ஆரம்பித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒருவகைத் தகவலை மட்டும் தேர்ந்தெடுத்து முடக்குவது இணைய நடுநிலைக்கு எதிரானது என்று தொடங்கி இரண்டு பக்கம். காது கேட்காதவருக்கு வீடியோதான் குரல், அதை அமுக்குவது வாயைப் பொத்துவதற்குச் சமம் என்றெல்லாம் எழுதினேன். வழக்கு வலுவாக இருக்கட்டும் என்று, அந்தப் பெண் தன் அப்பாவின் ஆபரேஷனைப் பற்றி அன்று மதியமே செயலாளரிடம் எழுத்தில் தெரிவித்திருந்தும் இது நடந்திருக்கிறது என்ற வரியையும் சேர்த்தேன். அது என் தலையில் நானே போட்டுக்கொண்ட மண் என்பது அப்போது உறைக்கவில்லை. பிறகு கேபிள்காரருக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல இதைப் படிப்பேன், பெட்டி கோளாறுன்னு சொல்லிடுங்க, அதோட முடிச்சுக்கறேன்" என்றேன். "செரி மேடம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். ஏறக்குறைய எல்லா வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கணவனுக்கு அன்றும் பட்டறையில் வேலை. நான் கடிதத்தை உரக்கப் படித்தேன். கேபிள்காரர் தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மதியமே தெரிவித்திருந்தும் என்ற வரி வந்ததும் அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அப்புறம் அவள் வயிற்றைப் பார்த்தார்.

"பெட்டில ஒரு கோளாறும் இல்ல" என்றார். "மேடம் கம்ப்யூட்டர்ல பேசறதுக்கோசரம் வீடியோவ அமுக்கச் சொன்னாங்கோ, நான் அமுக்கினேன். இந்தப் பொண்ணோட அப்பா சாவக் கெடந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. மேடத்துக்குத் தெரிஞ்சிகீது. எந்த ஊடுன்னு கேட்டேன், ஒண்ணும் இல்லன்னாங்கோ. நானும் ரெண்டு பொண்ணப் பெத்தவன்."  துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

 கமிட்டிக்காரர்கள் நாலு பேரும் குனிந்துகொண்டார்கள். அன்று அவர்கள் வீட்டில் கிரிக்கெட் தடங்கலில்லாமல் ஓடியது. மற்றவர்கள் என்னையே பார்த்தார்கள். என் காது இரண்டும் எரிந்தன. செத்துவிடலாம் போல இருந்தது.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என்ன என்று மட்டும் தெரியவில்லை. என் முழங்கையைத் தொட்டாள். போனை நீட்டினாள். "அவர் என்ன சொல்றார்?"

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் போனை வாங்கினேன். இரண்டே வார்த்தை எழுதினேன். "மன்னிப்புக் கேட்கிறார்."

பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் படித்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை, கையை அசைக்கவில்லை. அவள் நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்து, தூணருகே போய், அழுதுகொண்டிருந்த அந்த மனிதரின் தோளைத் தொட்டு, பரவாயில்லை என்று தலையசைத்தாள். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பதிவேட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, தண்ணீர்த் தொட்டி கழுவுகிற விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.